போலி ஆன்டிவைரஸ் நீக்கம்: ஓர் அதியமான்கோட்டை ஆய்வு

ஆய்வுக்களம்: அதியமான்கோட்டையில் எங்கள் அத்தை வீட்டு முன்னறை. காலம்: 2010, ஒரு தேய்பிறை அஷ்டமி. ஆய்வுப்பொருள்: பூப்போட்ட துணியுறைக்குள் வாழ்ந்த, விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பெட்டி.

காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றிவிட்டு அத்தை திரும்பியபோது பெட்டி அலறிக்கொண்டிருந்தது. திரையில் பளபளக்கும் கேடயம், கீழே சிவப்பெழுத்தில் 38 வைரஸ்கள். நெட் வயரைப் பிடுங்கினேன்: 38. காலி பென்டிரைவைச் செருகினேன்: 38. எந்த முனைவர் பட்ட ஆய்விலும் இத்தனை உறுதியான முடிவை நான் கண்டதில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதுவும் வைரஸாம், கால்குலேட்டரும் வைரஸாம். 39.95 டாலர் கட்டினால் எல்லாம் சுத்தமாகிவிடுமாம்.

“நம்ம காசுல எவ்ளோடா?”

“ஆயிரத்து எண்ணூறு வரும் அத்தை.”

“பைரவருக்கே ஒரு பூசணிக்காதான்டா செலவாச்சு.”

இவ்வினத்தின் குலவரலாறு பெரிது. 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்றவற்றை விற்ற இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் கூட்டத்தின் மேல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2012இல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அத்தை வீட்டுக்கு வந்தது எந்தக் குலக்கொழுந்தோ, சான்றில்லை.

நீக்கும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. முதலாவது ஃபார்மட் பள்ளி. தருமபுரியில் சர்வீஸ் கடைத் தம்பி அதன் ஆசாரியர்: “ஃபார்மட் அடிச்சிடலாம்ணா.” மவுஸ் ஓடாவிட்டாலும் அவர் மருந்து அதுதான். சி டிரைவில் மகள் கல்யாணப் போட்டோ இருப்பதைச் சொல்லி அத்தை இப்பள்ளியை ஒரே வரியில் மறுத்தார்.

இரண்டாவது, இம்மண்ணுக்கே உரிய ஔவைப் பள்ளி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அங்கே நெய் பூசி மினுக்கி வைத்த ஆயுதங்களைப் பார்த்தார். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஆதாரம் புறநானூறு 95. திரையில் மின்னிய கேடயம் எந்தக் கட்சி என்று இதற்கு மேலும் நிறுவ வேண்டியதில்லை.

செய்முறை: பெட்டி எழும்போதே எஃப்8 விசையைத் தட்ட வேண்டும். மூன்று முறை தவறவிட்டேன். நான்காம் முறை கறுப்புத் திரையின் நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’ என்று எல்லைச்சாமிபோல் நின்றது. பக்கத்து வீட்டில் இறக்கிய மால்வேர்பைட்ஸைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தேன். ஆன்டிவைரஸின் பேரைக் கண்டாலே திறக்க விடாத ஜாதி இது. ஆகவே கோப்புக்கு ‘ஔவை’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினேன். தடுக்கவில்லை. தூதரைக் கொல்லாத மரபு திருட்டு மென்பொருளுக்கும் தெரிந்திருக்கிறது! ஒரு மணி நேரத்துக்கு மேல் துழாவி, அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டரில் வாயில் நுழையாத பெயரோடு பதுங்கியிருந்த கோப்பைப் பிடித்தது. அழித்த பிறகும் நெட் வரவில்லை. போகிற போக்கில் பிரவுசரில் பிராக்ஸியை மாட்டிவிட்டுப் போயிருந்தது. அந்த டிக்கை எடுத்ததும் வந்தது.

இன்று அதே கேடயம் பிரவுசரில் போன் நம்பரோடு வருகிறது. அந்த நம்பருக்குப் பேசாதீர்கள். ஏற்கெனவே கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் இந்த ஆய்வைப் பாதியிலேயே விட்டுவிட்டு, முதலில் வங்கிக்கும் அடுத்து 1930க்கும் போன் போடுங்கள்.