ஆலோசனை அறைக்கு ஒரு வாழ்த்துரை

எங்கள் வட்டாரத்துத் தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆலோசனை அறையைப் பாராட்டியே ஆக வேண்டும். பல பள்ளிகளில் அப்படி ஓர் அறையே கிடையாது. இங்கே இருக்கிறது. ஏசி இருக்கிறது, மெத்தை தைத்த நாற்காலிகள் இருக்கின்றன, சுவர் நிறையச் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் இருக்கின்றன. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்றுதான் சொன்னது. இவர்கள் அதற்கு முன்பே பெயர்ப்பலகை மாட்டிவிட்டவர்கள். அட்மிஷன் சமயத்தில் வரும் பெற்றோரை, நீச்சல் குளத்தைக் காட்டிய கையோடு இந்த அறைக்குத்தான் அழைத்துப் போகிறார்கள்.

அறைக்கு இடம் பார்த்ததிலும் ஓர் அக்கறை தெரிகிறது. தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே, ஃபீஸ் கவுன்ட்டரை ஒட்டி. இடுப்புக்கு மேலே முழுக்கக் கண்ணாடி. யார் உள்ளே போகிறார்கள், யார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்பதைப் பணம் கட்ட வரிசையில் நிற்பவர்கூடப் பார்க்கலாம். ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மேசைமேல் ஒரு நீளப் பதிவேடு. தேதி, பெயர், வகுப்பு, பிரிவு, காரணம், கையொப்பம். கோடு பிசகாமல் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்த பக்கத்தில் ஒரு வரியில் ‘வீட்டில் தகராறு’, அடுத்த வரியில் ‘லவ் மேட்டர்’, அதற்கும் கீழே ‘அடிக்கடி அழுகை’. நான்காவதாக வரும் பிள்ளை, தனக்கு முன்னால் வந்த மூன்று பேரின் சங்கதியையும் படித்துவிட்டுத்தான் தன் பெயரை எழுத முடியும். அந்தப் பிள்ளை ‘தலைவலி’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வந்தவர்கள் எல்லோருக்கும் தலைவலிதான்.

ஆலோசகர் உளவியலில் முதுகலை படித்தவர். அவருடைய உழைப்புக்கு ஈடில்லை. லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு எடுக்கிறார், தேர்வு ஹாலில் நிற்கிறார், சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். ஒரு சம்பளத்தில் இத்தனை வேலையையும் முடித்துக்கொள்ளும் நிர்வாகத்தின் சிக்கனத்தை மெச்சத்தான் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பல நாள் தயங்கிக் கடைசியில் துணிந்து அந்தக் கதவைத் தட்டுகிறான். அவர் ஏழாம் வகுப்பில் கணக்கு எழுத வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் துணிச்சல் மறுநாளும் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எதைவிடவும் வியக்க வைப்பது செய்தி போகும் வேகம். பதினோரு மணிக்கு ஒரு பெண் உள்ளே அழுதபடி சொன்னது, மதியச் சாப்பாட்டுக்குள் தலைமையாசிரியருக்கு எட்டுகிறது. மூன்று மணிக்கு ஸ்டாஃப் ரூமில் பேச்சாகிறது. பள்ளி வேன் தெருமுனைக்கு வருவதற்குள் அம்மா வாசலில் காத்து நிற்கிறாள். ஆலோசகர் தொழிலுக்கு வேறொரு முறை உண்டு. சொன்னது வெளியே போகாது. அந்தப் பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், பாலியல் கொடுமை என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றத்தை மறைத்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். இந்த எல்லையைப் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே, முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பள்ளி அப்படியெல்லாம் வகை பிரித்துப் பிள்ளைகளைக் குழப்புவதில்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறது.

பெற்றோருக்கும் இந்தப் பாராட்டில் பங்கு உண்டு. தினமும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் மகனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள், குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தார்கள். எதற்கும் கணக்குப் பார்க்கவில்லை. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். வளரும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வந்தால் அது துக்கமாகவே தெரிய வேண்டும் என்பதில்லை. வயிற்றுவலியாகவும் எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் வரும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் அந்தக் குடும்பத்தின் தொலைநோக்கு வெளிப்பட்டது. “மனநல டாக்டர்கிட்ட போனது வெளியே தெரிஞ்சா நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?” பையனுக்கு வயது பதின்மூன்று. பத்துப் பன்னிரண்டு வருஷம் தள்ளி நடக்கப்போகும் கல்யாணத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். இன்று காலை அவன் ஏன் எழுந்திருக்கவில்லை என்ற கேள்விக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை.

விடுதியையும் விட்டுவிடக் கூடாது. வராந்தாவில் 14416 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் அது. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பக்கத்திலேயே 1098, குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டு எண்ணிலும் ஓர் இலக்கம்கூடத் தவறில்லை. அதே சுவரில் இன்னொரு தாளும் இருக்கிறது: கைபேசி வைத்திருந்தால் டி.சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் போனில், வார்டன் பக்கத்தில் இருக்க, ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேசலாம். 2022இல் மட்டும் இந்த நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு ஞாயிறுவரை பொறுத்திருக்கும் தெம்பு இருந்திருக்கும் என்று அந்தச் சுவர் முன்னால் நின்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

செலவில்லாமல் உயிரைக் காக்க முடியும் என்பது தமிழ்நாடு அறியாததல்ல. தேர்வில் தோற்ற பிள்ளை ஒரு வருஷத்தை இழக்காமல் உடனே மறுபடி எழுதலாம் என்ற துணைத் தேர்வு முறைக்காகச் சென்னையின் ‘சிநேகா’ அமைப்பு குரல் கொடுத்தது. 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இருப்பவர்கள் அவர்கள். அரசும் அந்த முறையைக் கொண்டுவந்தது. ஒரு தேர்வுத் தேதியை முன்னுக்கு இழுத்ததிலேயே எத்தனையோ வீடுகள் மூச்சு விட்டன.

ஏசிக்கும் மெத்தைக்கும் இவ்வளவு செலவழித்த நம் பள்ளிக்கு, காசு அதிகம் ஆகாத வேலை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கண்ணாடிக்கு ஒரு திரை போட வேண்டும். பதிவேட்டில் ‘காரணம்’ என்ற பத்தியை அடித்துவிட வேண்டும். ஆலோசகரை ஆலோசகராக மட்டும் இருக்க விட வேண்டும். விடுதியில் வார்டன் காதுக்கு எட்டாத இடத்தில் ஒரு போன் வைக்க வேண்டும். தாளாளர் இவற்றைச் செய்தால் அடுத்த ஆண்டு விழா மலருக்கு இன்னொரு பாராட்டு எழுதித் தருகிறேன், இதைவிட நீளமாகவே.