தலை ஒரு பெட்டியில், முண்டம் ஒரு கோயிலில்

பேய்ப்படம் எடுக்க ஒரு ஜமீன் வேண்டும், பாழடைந்த பங்களா வேண்டும், இருநூறு வருஷத்துச் சாபம் ஒன்று வேண்டும். கள்ளக்குறிச்சிக்காரர்கள் இதற்கெல்லாம் செட் போட்டிருக்கவே வேண்டாம். மேற்கே தலை நிமிர்ந்தால் கல்வராயன் மலை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சேதி அந்த மலை ஏற 29 வருஷம் ஆனது. 1976-ல்தான், அதுவும் எமர்ஜென்சி நடக்கும்போது, ஜாகிர்களை அரசு எடுத்துக்கொண்டது. நாடே சுதந்திரத்தைப் பறிகொடுத்திருந்த நேரத்தில் சுதந்திரம் வாங்கிய மலை வேறெங்கும் இருக்காது.

இத்தனை வசதி இருந்தும், எண்பதுகளில் நம்மை மிரட்டிய பேய் பம்பாயிலிருந்துதான் வந்தது. அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி என்றால் வாடகைக்கு ஒரு டி.வி., ஒரு டெக்கு, நாலு கேசட். முதலில் சாமிப் படம், பிறகு எம்.ஜி.ஆர்., பிறகு ரஜினி. விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தைகள் சுருண்டு தூங்கியதும், மேலே ‘இந்தி பேய்’ என்று மட்டும் எழுதிய கேசட். இந்தி ஒழிக என்று சுவரில் எழுதிய கையே அதை டெக்கில் சொருகும். அலறலுக்கு ஏது மொழிப்போர்?

அந்தப் பேய்களின் குலகுரு ஃபதேசந்த் ராம்சிங்கானி, கராச்சியில் ரேடியோக் கடை வைத்திருந்தவர். ராம்சிங்கானி என்ற பெயர் வெள்ளைக்கார வாடிக்கையாளர் வாயில் நுழையாமல் ராம்சே ஆனது. பிரிவினைக்குப் பின் பம்பாய் வந்து, வியாபாரம் போதாதென்று சினிமா எடுத்தார். 1970-ல் வந்த ஒரு படம் படுத்துவிட்டது. ஆனால் பிருத்விராஜ் கபூர் கோர முகமூடி மாட்டிக்கொண்டு திருட வரும் காட்சிக்கு மட்டும் ஜனம் கூடுவதை மகன்கள் கவனித்தார்கள். ஒரு காட்சிக்கே இப்படி என்றால், படம் முழுக்க முகமூடி மாட்டினால் என்ன?

மகன்கள் ஏழு பேர். ஒருவர் எழுத, ஒருவர் ஒலி, ஒருவர் எடிட்டிங், இருவர் கேமரா, இருவர் இயக்கம். 1972-ல் குடும்பத்தோடு மகாபலேஷ்வர் போய் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். செலவு மூன்றரை லட்சம் என்பது குடும்பக் கணக்கு. நம் வீடுகளில் இத்தனை அண்ணன் தம்பிகள் சேர்ந்தால் பாகப்பிரிவினை வழக்குத்தான் எடுப்பார்கள்.

உச்சம், 1984-ல் வந்த ‘புரானா மந்திர்’. சாம்ரி என்ற ராட்சசனை ஒரு ராஜா தலையை வெட்டி, தலையை ஒரு பெட்டியிலும் முண்டத்தைப் பழைய கோயிலிலும் தனித்தனியே வைக்கிறார். சாம்ரியோ போகிற போக்கில் வம்சத்துப் பெண்களுக்குச் சாபம் விட்டுவிட்டுப் போகிறான். நடுவே பேய்க்கே இடைவேளை விட்டு, ஜக்தீப் ‘மச்சர் சிங்’ என்ற கொசுக் கொள்ளைக்காரனாக வந்து ‘ஷோலே’யைக் கிண்டலடிப்பார். படம் ஓட்டமாக ஓடியது. விமர்சகர்கள் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாம்ரிக்கு நேர்ந்தது சினிமாச் சுருளுக்கும் நேரும். பட நெகட்டிவ் ஒரு பெட்டி, ஒலி நெகட்டிவ் வேறு பெட்டி. இரண்டும் கிடைத்தால்தான் உயிர்ப்பிக்க முடியும். நம் வெக்கையில் அசிடேட் சுருள் சுருங்கிக் காடி நாற்றம் எடுக்கும். வண்ணப் பிரதி நீலமும் பச்சையும் வெளிறி ரோஸ் நிறமாகும். அந்த நிலையில் ராட்சசனும் கல்யாண வரவேற்புக்கு வந்தவன் மாதிரி இருப்பான். கேசட் கதை இன்னும் மோசம். நகலுக்கு நகல் எடுத்ததில் பேய் எது, திரைச்சீலை எது என்று தெரியாது. நாம் பயந்ததில் பாதி, டெக்கின் ஹெட்டில் படிந்த அழுக்கைப் பார்த்துத்தான்.

காப்பாற்ற வந்தவர் பீட் டூம்ஸ் என்ற ஆங்கிலேயர். உலகத்துக் கோணல் படங்களைத் தேடுவதே அவர் வேலை. அவருடைய ‘மோண்டோ மகாப்ரோ’ நிறுவனம் ராம்சே படங்களை முதலில் டிவிடியாகவும், பிறகு ‘புரானா மந்திர்’, ‘வீரானா’, ‘பந்த் தர்வாஸா’ உள்பட ஆறு படங்களை ஒரே ப்ளூ-ரே பெட்டியாகவும் வெளியிட்டது. குடும்பத்துக்குப் பேர் வைத்ததும் வெள்ளைக்காரன், படத்தைப் பிழைக்க வைத்ததும் வெள்ளைக்காரன். இரண்டரை மணிப் படமென்றால் 2,16,000 ஃபிரேம்கள். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி, நிறம் திருத்துவதுதான் சீரமைப்பு. துலங்கத் துலங்க முகமூடி ரப்பர் என்பதும் துலங்கிவிடும், அது இலவச இணைப்பு.

நம் பக்கம் என்ன நடந்தது? தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’: பிரதி இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும்படம் ‘காளிதாஸ்’: பிரதி இல்லை. பழைய கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி இருந்ததால் நாடெங்கும் எடைக்குப் போட்டு உருக்கினார்கள். புராண புருஷர்கள் பாத்திரக்கடை விலைக்குப் போக, ரப்பர் ராட்சசன் லண்டனிலும் அமெரிக்காவிலும் அலமாரி ஏறிவிட்டான். இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? பேய்ப்படத்துக்கு வெறியன் இருந்தான், சாமிப்படத்துக்குப் பக்தர்கள்தான் இருந்தார்கள். பக்தர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மூடிய வீடியோக் கடையிலோ பழைய கேசட் கிடந்தால், வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறதென்று குப்பையில் போடாதீர்கள், துருப்பிடித்த டெக்கில் ஓட்டியும் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றுங்கள். பிலிம் சுருளே கிடைத்தால் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, மும்பையில் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் இருக்கிறது. பேய்ப்படம்தானே என்று கூச்சப்படாமல் ஒரு கடிதம் போடுங்கள்.