நாலரையில் இருந்த திருகு

எங்கள் கிணற்று மோட்டார் 5 எச்.பி. அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை அப்பா உள்ளங்கையால்தான் அளப்பார். ஓட்டிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மோட்டார் ரூமுக்குள் போய் அதன் முதுகில் கையை வைப்பார். கை பொறுத்தால் மடை திருப்பப் போய்விடுவார். சுட்டாலோ, உறுமல் கனத்துக் கேட்டாலோ, சிவப்பு பட்டனை அமுக்கிவிடுவார்.

பாலிடெக்னிக்கில் நான் கணக்குப் படித்து வந்தேன். 1 எச்.பி.க்கு 746 வாட், ஐந்துக்கு 3,730. மும்முனை மின்சாரம் என்பதால் 1.732, வோல்டேஜ் 415, பவர் ஃபேக்டர் 0.8, மோட்டாரின் திறன் 0.85. நான்கையும் பெருக்கி 3,730-ஐ வகுத்தால் 7.6 ஆம்பியர். மோட்டாரில் அடித்திருந்த தகட்டிலும் 7.5! அந்தச் சந்தோஷத்தில் ஸ்டார்ட்டரைத் திறந்தேன். ஓவர்லோடு ரிலேயின் திருகு 4.5-ல் இருந்தது. விவரம் தெரியாத யாரோ வைத்திருக்கிறார்கள் என்று 7.5-க்குத் திருப்பினேன்.

“இனி நீங்க தொட்டுப் பாக்க வேண்டாம்ப்பா, கரண்ட் ஏறுச்சுன்னா அதுவே நின்னுக்கும்” என்றேன். படித்த பிள்ளை சொன்னதை அப்பா அப்படியே நம்பினார்.

அந்தச் சித்திரையில் வோல்டேஜ் 350-க்கு இறங்கியது. இறைக்கிற தண்ணீர் பெரிதாகக் குறைவதில்லை. வோல்டேஜ் குறைந்த அளவுக்கு மோட்டார் கரண்டை அதிகம் இழுத்து ஈடுகட்டும். 7.6 இருந்த இடத்தில் 9. கரண்ட் கூடுவதன் இருமடிக்குச் சூடு கூடும் என்பதால், காயிலில் முன்பைவிட ஒன்றே கால் மடங்குக்கும் மேலே, ஏறக்குறைய 1.4 மடங்கு சூடு. ரிலே அசையவில்லை. வார்னிஷ் தீய்ந்த வாடை வாழைத்தோப்பு வரை வந்தது.

காயில் கட்டுகிறவர் ஸ்டார்ட்டரைப் பார்த்ததும் கேட்டார்: “இதை யாருங்க திருப்புனது? லைன்ல ஓடுற ஆம்ஸ் வேற, காயில்ல ஓடுறது வேறங்க தம்பி.” அது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ரிலே உட்கார்ந்திருந்தது காயிலுக்குப் போகும் வழியில். லைனில் 7.5 ஓடினால் அங்கே அதை 1.732-ஆல் வகுத்தது, 4.3-தான் ஓடும். லைன் 9-க்கு ஏறியபோதும் ரிலே கண்டது 5.2. ஏழரை வரை பொறுத்துக்கொள் என்று நான் சொல்லிவைத்திருந்தேன், அது பொறுத்துக்கொண்டது. நாலரையில் விட்டிருந்தால் நின்றிருக்கும். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது கிணறு வற்றி, போர்வெல்லில் 600 அடியில் ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் கிடக்கிறது. அதைத் தொட முடியாது. அதன் சத்தமும் மேலே வராது. எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்ற பழைய வாய்க்கணக்கும் அதற்குப் போதாது. ஒல்லியான உடம்பு, திறன் குறைவு, எச்.பி.க்கு 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும். பயமும் தலைகீழாகிவிட்டது. அன்று ஆம்பியர் ஏறினால் பதறினோம். இன்று இறங்கினால் பதறுகிறோம். தண்ணீர் தீர்ந்து பம்பு சும்மா சுற்றினால் சுமை குறையும், கரண்டும் குறையும். ஓவர்லோடு ரிலேக்கு அது தெரியவே தெரியாது. மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான்.

மொபைல் ஸ்டார்ட்டர் வந்தபின் எண் என் கைக்கு வருகிறது. போன வாரம் ராத்திரி, ஊருக்குப் போகும் பஸ்ஸில், 15 காட்டிக்கொண்டிருந்தது 9-க்கு விழுந்தது. உடனே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

“தொட்டியில தண்ணி விழுகிற சத்தம் நின்னுதே, நானும் எந்திரிச்சுட்டேன் கண்ணு” என்றார் அப்பா. ஸ்டார்ட்டர் பெட்டி வரைக்கும் டார்ச்சோடு போயிருந்தார்.