கண்ணாடி ஏற்றிக் கேட்பவர்

"நீங்க எந்த மாதிரி பாட்டு கேப்பீங்க?" என்று ரகசிய ரசிகரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ராஜா சார். அதுவும் எண்பதுகளின் ராஜா சார். கொஞ்சம் ரஹ்மான், ஆனால் தொண்ணூறுகளோடு சரி. ராத்திரி தனியாக இருக்கும்போது எம்.டி.ராமநாதன். எதிரே உட்கார்ந்திருப்பவர் விஷயம் தெரிந்தவராகத் தோன்றினால் உஸ்தாத் அமீர் கானும் பட்டியலில் சேர்ந்துகொள்வார். விளம்ப காலத்தில் பாடியவர்களாகப் பார்த்து அவர் பொறுக்குவதற்குக் காரணம் உண்டு. நிதானமான பாட்டை ரசிப்பவர் ஆழமான ஆள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

அவருடைய காரில் உண்மையில் ஓடுவது எஸ்.ஏ.ராஜ்குமாரின் லாலாலா.

இந்த லாலாலாவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பாதியில் இயக்குநர் விக்ரமனும் இசையமைப்பாளர் எஸ்.ஏ.ராஜ்குமாரும் சேர்ந்துகொண்டு தமிழ்நாட்டைக் கண்ணீரும் கைக்குட்டையுமாக வைத்திருந்தார்கள். 1996-ல் 'பூவே உனக்காக', 1997-ல் 'சூர்யவம்சம்', 1998-ல் 'உன்னிடத்தில் என்னை கொடுத்தேன்', 2000-ல் 'வானத்தைப்போல'. அண்ணன் தம்பிக்காக விட்டுக்கொடுத்தாலும் சரி, அப்பா மகனை முறைத்தாலும் சரி, காதலி வேறொருவருக்கு மாலை போட்டாலும் சரி, பின்னணியில் ஒரு கூட்டம் லாலாலா என்று ஆரம்பித்துவிடும். 'சூர்யவம்ச'த்தில் ஒரே பாட்டுக்குள் ஒரு குடும்பம் முன்னுக்கு வந்துவிடும். 2010-ல் வந்த 'தமிழ்ப் படம்' இந்த ஒரு பாட்டு முன்னேற்றத்தைப் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கியது. தியேட்டரில் அந்தக் காட்சிக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் நம் ரகசிய ரசிகர்தான். படம் விட்டு பார்க்கிங்கிலிருந்து காரை எடுத்தார், கண்ணாடிகளை ஏற்றினார், 'சூர்யவம்சம்' போட்டார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தபோது கண் கலங்கியிருந்ததால், தூசி விழுந்ததாகத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி ஏற்றிய ஏசி காருக்குள் தூசி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய வீட்டுக் கூடத்தில் எல்.பி. ரெக்கார்டுகள் வரிசையாக நிற்கின்றன. விருந்தாளி வந்தால் ஒன்றை உறையிலிருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரம் பிடித்து எடுத்துக் காட்டுவார். முள் வைத்துக் கேட்டால்தான் சங்கீதம் என்பார். அந்த வீட்டில் முள் எத்தனை நாளைக்கு ஒருமுறை இறங்குகிறது, செல்போனில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதெல்லாம் அங்கே வேலைக்கு வரும் அக்காவுக்குத்தான் தெரியும்.

கேசட் காலத்தில் இவர் பாடு இன்னும் சங்கடம். பாட்டுப் பதிய வேண்டுமானால் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், வெற்று கேசட்டோடு ஒரு பட்டியலும் எழுதிக் கொடுக்க வேண்டும். முகம் பார்த்துக் கொடுக்க வேண்டிய வாக்குமூலம் அது. 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு கொள்ளும். தாளின் தலையில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் பக்திப் பாட்டு ஒன்று, அப்புறம் ராஜா சார் பத்து. அடியில், எழுத்தையே கொஞ்சம் சிறிதாக்கி, 'இடம் இருந்தால்' என்று ஒரு குறிப்புப் போட்டு, டி.ராஜேந்தர் பாட்டு ஒன்று. கடைக்காரர் ஆயிரக்கணக்கில் பட்டியல் பார்த்தவர். 'இடம் இருந்தால்' பாட்டைத்தான் முதலில் பதிவார். ஆள் வந்திருப்பதே அதற்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

டி.ராஜேந்தர் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தாடியையும் அடுக்குமொழியையும் கிண்டல் செய்கிற அவசரத்தில், அவர் மெட்டுப் போடத் தெரிந்த மனிதர் என்பதையே பலர் விட்டுவிட்டார்கள். 1980-ல் வந்த 'ஒருதலை ராகம்' பாட்டுகளை இன்றும் ராஜா பாட்டு என்று நினைத்துத் தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "அது டி.ஆர். போட்டது" என்று சொன்னதும் ஆடிக்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கும். பாட்டு அதே பாட்டுதான். காதும் அதே காதுதான்.

இவரைத் தனி மனிதர் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் இந்திய அரசாங்கமே இவராக இருந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலி ஏற்கெனவே 1940-ல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்திருந்தது. இப்போது சினிமாப் பாட்டும் வெளியே போனது. ஜனங்கள் சாஸ்திரீய சங்கீதத்தின் பக்கம் திரும்புவார்கள் என்று அமைச்சர் எதிர்பார்த்தார். ஜனங்கள் ரேடியோப் பெட்டியின் குமிழைத் திருப்பினார்கள். அது இலங்கை வானொலியில் போய் நின்றது. தமிழ்நாட்டில் டீக்கடைக்கு டீக்கடை கொழும்பு பேசியது. போன நேயர்கள் திரும்புகிற வழியாக இல்லை என்று கண்டதும், 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. அரசாங்கமே சினிமாப் பாட்டுப் போட ஆரம்பித்தது. அப்போதும் துறைக்கு அமைச்சர் அதே கேஸ்கர்தான். 1962 வரை இருந்தார். தேசிய நிகழ்ச்சியில் ஆலாபனை, பக்கத்து அலைவரிசையில் டூயட். ரகசிய ரசிகரின் வீட்டு ஏற்பாடும் இதுவேதான்.

ப்ளூடூத் வந்த பிறகு அவருடைய வாழ்க்கை கண்ணிவெடி மேல் நடப்பதாகிவிட்டது. சம்பந்தியைக் கோவிலுக்கு அழைத்துப்போக வண்டியைக் கிளப்புகிறார். அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டுவதற்குள் போன் தானாக இணைந்து, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து 'மன்மத ராசா' வெடிக்கிறது. 2003-ல் 'திருடா திருடி'க்காகத் தீனா போட்ட பாட்டு. ஓடுகிற லாரியையும் சேர்த்து ஆட வைக்கிற வேகம். "எஃப்.எம்.ல என்னென்னமோ போடறான் மாமா" என்று பட்டனைத் தேடித் தடவுகிறார். எஃப்.எம். பாட்டு பாதியில் நின்ற இடத்திலிருந்து மறுநாள் தொடராது என்பது சம்பந்திக்கும் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

மார்கழி இன்னும் மோசம். மியூசிக் அகாடமியில் யார் கச்சேரி என்றைக்கு, எந்த சபா கேன்டீனில் யார் சமையல் என்று நண்பர்களோடு அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் டிசம்பர் மாதத்தில்தான், ஸ்பாட்டிஃபை ஆண்டுக் கணக்கை எடுத்து நீட்டுகிறது. இந்த ஆண்டு நீங்கள் அதிகம் கேட்டவர் தேவா. அதிகம் கேட்ட பாட்டு, சபை நாகரிகம் கருதி இங்கே வேண்டாம். பாட்டு கேட்பதை மறைக்கிற 'பிரைவேட் செஷன்' என்ற வசதி அதே செயலியில் உண்டு. பத்துப் பாட்டு தாண்டினால் அதைப் போட மறந்துவிடுகிறார். "பொண்ணு என் அக்கவுண்ட்லதான் கேக்கறா" என்று சமாளிப்பார். பொண்ணு கேட்பது கொரியாவின் பி.டி.எஸ். தேவா என்று ஒருவர் இருப்பதே அப்பா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

குழந்தைகள் தலையில் பழி போடுவது தமிழர்களின் தேசிய வழக்கமாகிவிட்டது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2018-ல் வந்த 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி', யூடியூபில் 100 கோடி பார்வைகளை எட்டிய முதல் தென்னிந்தியப் பாட்டு. யுவன் சங்கர் ராஜா இசை, பிரபுதேவா நடன அமைப்பு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏழே கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. விசாரித்தால் எவரும் பார்த்ததாக ஒப்புக்கொள்வதில்லை. எல்லா வீட்டிலும் குழந்தைக்குச் சோறு ஊட்டத்தான் போட்டார்களாம். அவ்வளவு சோறு இந்த மாநிலத்தில் விளைந்திருக்க வாய்ப்பில்லை.

பக்தி என்றால் மட்டும் இவருக்குக் கூச்சம் விட்டுப்போகும். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் 'பணமா பாசமா'வில் அவர் பாடிய 'எலந்தப்பழம்' பட்டிதொட்டியெல்லாம் முழங்கியது. கிளப் நடனக் காட்சி என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டுகளை ஒலியைக் குறைத்துக் கேட்ட அதே வீடுகளில், அதே குரல் பாடிய அம்மன் பாட்டுகளை ஆடி மாதம் முழுவதும் தெருவுக்குக் கேட்க வைத்தார்கள். அதே துள்ளல், அதே கிறக்கம், அதே மூச்சு. உடுக்கையும் பம்பையும் சேர்ந்தன, அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய வயதில், 2011-ல் 'ஒஸ்தி' படத்துக்காக டி.ராஜேந்தரோடு சேர்ந்து 'கலாசலா' பாடி, அந்த ஆண்டின் இளம் பாடகிகளையெல்லாம் அவர் ஓரம்கட்டினார். ரகசிய ரசிகர் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பேரும் ஒரே பாட்டில். அந்த வாரம் அவர் கார் கண்ணாடி இறங்கவே இல்லை.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்லலாம். அவர் மறைப்பது பாட்டை அல்ல. அந்தப் பாட்டைக் கேட்டால் யாரோடு சேர்த்துத் தன்னை எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தை. மினி பஸ்ஸில் ஓடும் பாட்டு, ஷேர் ஆட்டோவில் அலறும் பாட்டு, சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானா. கானா என்றால் அவருக்கு வடசென்னையின் ஓட்டு வீடுகளும், தான் போக விரும்பாத தெருக்களும் ஞாபகம் வருகின்றன. சினிமாவில் கானாவைப் பெரிய அளவில் கொண்டுவந்த தேவாவை, 'பாட்ஷா'வும் 'ஆசை'யும் 'காதல் கோட்டை'யும் கொடுத்தவர் என்றறிந்தும், ஒரு படி கீழேயே உட்கார வைத்ததற்கு இதைவிடப் பெரிய சங்கீதக் காரணம் எதுவும் இல்லை. 2018 ஜனவரியில் பா.ரஞ்சித்தின் முன்முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடையேறி, கானாவை ராக்கோடும் ராப்போடும் சேர்த்துப் பாடியது. மறுநாள் ஆங்கிலத்தில் அதைப் பற்றிப் படித்த பிறகுதான் கானாவில் தாளக்கட்டு நுட்பமானது என்று நம் ஆசாமி கண்டுபிடித்தார்.

அவருடைய கூச்சத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஏறக்குறைய 20 முதல் 30 வருஷம். அதற்குள் அந்தப் பாட்டை மேலிடத்தில் யாராவது ஒருவர் கை தூக்கிவிட வேண்டும். 'நாக்க முக்க' 2008-ல் வந்தபோது காதைப் பொத்திக்கொண்டவர், அது ஓர் ஆங்கில நாளிதழின் சென்னை விளம்பரத்துக்குப் பின்னணியாகி, அந்த விளம்பரம் கான் விளம்பர விழாவில் பரிசு வாங்கியதும் கையை எடுத்தார், அது விதிவிலக்கு. பொதுவாக இந்த வேலையை இப்போது செய்துவருபவர் இயக்குநர் லோகேஷ் கனகராஜ். 2022-ல் 'விக்ரம்' படத்தில் 'சக்கு சக்கு' ஒலித்தது. 1995-ல் வந்த 'அசுரன்' பாட்டு. தனுஷ் நடித்ததல்ல, அருண்பாண்டியன் நடித்தது. இசை ஆதித்யன். பிற்காலத்தில் டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்தியவர் என்றே பலரும் அவரை அறிந்திருந்தார்கள். 2023-ல் 'லியோ' வந்தது. 'ஏழையின் சிரிப்பில்' படத்துக்காகத் தேவா 2000-ல் போட்ட 'கருப்பாயி' பாட்டுக்குத் தியேட்டரே எழுந்து ஆடியது. 2024-ல் 'குருவாயூர் அம்பலநடையில்' என்ற மலையாளப் படம், 1996-ல் 'உள்ளத்தை அள்ளித்தா'வுக்குச் சிற்பி போட்ட 'அழகிய லைலா'வைத் தூசி தட்டி எடுத்தது. தமிழன் சொன்னால் மறுக்கலாம், மலையாளி சொன்னால் கலை. ரகசிய ரசிகர் மூன்று பாட்டையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். "அப்பவே சொன்னேன், அண்டர்ரேட்டட் கம்போசர்" என்று அடியில் எழுதினார். அப்போது அவர் சொன்னது என்ன என்று நினைவு வைத்திருந்த கல்லூரி நண்பர்கள் நாகரிகமாக ஒரு கைதட்டும் படத்தை அனுப்பினார்கள். அவர்களும் அதே ஹாஸ்டலில் அதே போர்வைக்குள் வாக்மேன் கேட்டவர்கள்தானே.

ஆகவே இன்றைக்கு வந்த பாட்டுகளில் அவர் ரகசியமாகக் கேட்பது எது என்று தெரிய இன்னும் 20 வருஷம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாத வாசகர்கள் வேறொரு வழியை முயன்று பார்க்கலாம். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, இப்போது வருகிற பாட்டுகளில் மகா மோசம் எது என்று கேளுங்கள். உற்சாகமாகத் திட்டத் தொடங்குவார். பல்லவியைத் திட்டினால் பொருட்படுத்தாதீர்கள். அது ஊரெல்லாம் கேட்டது. இரண்டாவது சரணத்தில் வருகிற வரி எவ்வளவு மட்டம் என்று அவர் விளக்க ஆரம்பித்தால், அந்தப் பாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.