இருபத்தாறில் பதினைந்து

1999இல் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. சம்பளக் கணக்கு போடும் மென்பொருள்தான் தொழில். நூற்பு மில்கள், பனியன் கம்பெனிகள், இரண்டு மூன்று மருத்துவமனைகள் வாடிக்கையாளர்கள். வருகை, ஓவர்டைம், முன்பணம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, சனிக்கிழமை மாலைக்குள் கூலிச்சீட்டு அச்சாகிவிட வேண்டும். ஒரு தொழிலாளிக்கும் ஒரு ரூபாய் குறையக் கூடாது என்பார் எம்.டி. மனதார நம்பித்தான் சொல்வார். எங்களையும் நம்ப வைத்தார்.

எங்களுக்குச் சம்பளம் ஏழாம் தேதி வரும், பன்னிரண்டாம் தேதியும் வரும். வாடிக்கையாளர் கொடுத்த செக் பாங்கில் எப்போது கிளியர் ஆகிறதோ அன்றுதான் எங்களுக்கு முதல் தேதி. கணக்கு பார்ப்பவர் பாங்குக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் யாருக்கும் கீபோர்டில் கை ஓடாது. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டால் பணம் வந்துவிட்டது. மெதுவாகக் கேட்டால் எழுந்து டீக்கடைக்குப் போவோம்.

கம்பெனியைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த டீக்கடையில்தான் வெளியே வரும். அடிக்கடி கேட்ட வாக்கியம் இது: “எம்.டி. நல்லவர்டா, கம்பெனிக்குத்தான் நேரம் சரியில்ல.” அதில் கோபமும் இருக்கும், விட்டுக்கொடுக்காத பாசமும் இருக்கும். பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் முதலாளியைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு முதலாளி என்பது அறிக்கையில் வரும் ஒரு பெயர். எங்களுக்கு அவர் பக்கத்து மேஜை. அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் நாங்கள்.

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். கல்லூரித் தோழிகள் சிலர் அங்கே சேர்ந்தார்கள். கண்ணாடிச் சுவர், அடையாள அட்டை, வீட்டு முனைக்கு வரும் கம்பெனி பஸ். எங்களிடம் இருந்தது கரண்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் ஒரு யு.பி.எஸ். ஆனாலும் அந்தத் தோழிகளில் ஒருத்தி இரண்டு வருடமாக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஒரே ஒரு திரையில் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தாள். அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மில்லுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்பது, விஷுவல் பேசிக்கில் எழுதுவது, சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுவது, அங்கே நிறுவிக் கற்றுக்கொடுப்பது எல்லாம் நானே. கற்றுக்கொண்டதைக் கணக்கில் எடுத்தால் அந்த மாடிக்கு நான் பட்ட கடன் பெரியது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அவிநாசி பக்கம் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் பி.எஃப். பகுதியை நிறுவிய நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டே சீட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. வைண்டிங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். “ஏனுங்க அம்மிணி, இந்த பி.எஃப்.னு புடிக்கறாங்களே, அது எங்கீங்க போகுது?”

அவருக்குக் கூலி 1,850 ரூபாய். அதில் 12 சதவீதம், 222 ரூபாய், அவரிடம் பிடிப்பது. முதலாளியும் அதே 222 போட வேண்டும். முதலாளி போடுவதில் 8.33 சதவீதம், 154 ரூபாய், ஓய்வூதியத்துக்குப் போகும். மீதி 68ம் அவருடைய 222ம் அவர் கணக்கில் சேர்ந்து வட்டியோடு வளரும். சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். “வேலைய விட்டு நின்னுட்டாலும் அது எனக்குத்தானுங்களே?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

பக்கத்தில் இருந்த டைம் ஆபீஸ் கிளார்க், சோதனைக்காக நான் போட்டிருந்த பி.எஃப். எண்களைப் பார்த்துவிட்டு இயல்பாகக் கேட்டார்: “இதென்னுங்க, எல்லாம் சும்மா போட்ட நம்பரா இருக்குது? உங்க சொந்த நம்பரவே போட்டுப் பாத்திருக்கலாமுல்லீங்க?”

எனக்குச் சொந்த எண்ணே கிடையாது. பி.எஃப். பகுதியை எழுதிய எங்கள் ஒருவருக்கும் கிடையாது. 20 பேர் வேலை செய்தால் பி.எஃப். சட்டம் வந்துவிடும். எங்கள் கம்பெனி வளர்ந்தது, நாற்காலிகள் போதாமல் பாத்திரக்கடையிலிருந்து ஸ்டூல் இரவல் வாங்கினோம். வருகைப் பதிவேட்டில் மட்டும் 19 பெயருக்கு மேல் ஏறவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ட்ரெயினி அல்லது கன்சல்டன்ட். இந்த வரம்பு எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதை விளக்கிச் சொல்வதே எங்கள் வேலை.

கேட்டிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். 2001இல் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது சென்னையிலும் ஆட்களை அனுப்பினார்கள். எங்கள் பிழைப்பு டாலரில் இல்லை, மில்லில் இருந்தது. அதனால் தப்பித்தோம், ஆனால் மில்காரர்களின் பணமும் இழுத்தது. அந்த வருடம் ஒரு மாதச் சம்பளத்தை எம்.டி. தன் மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தார். ஒருவரையும் அனுப்பவில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் போய் நின்று, “சார், பி.எஃப்.” என்று எந்த வாயால் கேட்பது? சிறிய கம்பெனியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கெட்ட முதலாளியை எதிர்த்துக் கேட்டுவிடலாம். நல்லவரிடம் உரிமையைக் கேட்டால் நன்றிகெட்டதனம் போலத் தோன்றிவிடுகிறது. நகை ஒரு மாதத்துக்கு வந்தது. பி.எஃப். நாற்பது வருடத்துக்கு வர வேண்டியது. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. அவருடைய நல்ல மனசை இன்றும் மதிக்கிறேன். அது எங்கள் வாயைக் கட்டிப்போட்டது என்பதும் உண்மை.

ஆறு வருடம் முடித்து 2005இல் கிளம்பினேன். சேரும்போது பத்திரத்தாளில் இரண்டு வருட பாண்டு எழுதி வாங்கி, டிகிரி ஒரிஜினலைப் பச்சை நிற பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். பாண்டு முடிந்தும் திருப்பித் தராதிருந்த அதை அன்றுதான் கையில் கொடுத்தார்கள். மடிப்பில் அந்துருண்டை வாசனை. கிராஜுவிட்டி பற்றிக் கேட்டேன். அன்று நடப்பிலிருந்த 1972இன் சட்டப்படி 10 பேர் இருந்தாலே அது உண்டு, ஐந்து வருடம் முடித்தவருக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்தப் பகுதியையும் நான்தான் எழுதியிருந்தேன். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சத்தை முழு வருடமாக எடுக்க வேண்டும் என்ற நுணுக்கம் வரைக்கும் மனப்பாடம். எம்.டி. வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். “நம்ம வீட்டுக்குள்ள என்னம்மா கிராஜுவிட்டி?” என்றார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

இப்போது நான் வேலை பார்ப்பதும் சிறிய கம்பெனிதான். பெருங்குடியில், முப்பத்துச் சொச்சம் பேர். மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். சம்பளம் 30ஆம் தேதி காலை பத்து மணிக்குள் போனில் மணி அடித்து வந்து விழும். பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்கள். 2014இல் யு.ஏ.என். என்ற பொது பி.எஃப். எண் வந்த பிறகு, கட்டினார்களா இல்லையா என்பதை அவரவரே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பையன்கள் மாதாமாதம் பார்க்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் அவர்களுக்கு வாடிக்கையாளர் ஒரு டிக்கெட் எண். பெரும்பாலோர் வெளிநாட்டில், தெரிந்த குரல்கூடக் கிடையாது. போன வருடம் வற்புறுத்தி இரண்டு பேரை இங்கே உள்ள ஒரு மருத்துவமனைக்குக் காலை ஏழு மணி ஷிப்ட் மாற்றத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு கையில் டிரே பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் ஒரு சிஸ்டர் எங்கள் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். ‘ஒப்புதல்’ பொத்தான் அவர் விரலுக்கு எட்டாத மூலையில் இருந்தது. அதை அங்கே வைத்த பையன் பக்கத்திலேயே நின்றான். அன்று இரவே யாரும் சொல்லாமல் அதைக் கீழே இறக்கி வைத்தான். அவன் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது; தான் செய்ததை ஒரு மனுஷி பயன்படுத்துவதை அன்றுதான் பார்த்தான்.

கம்பெனியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இப்போது மாதாமாதம் கேட்கிறார்கள். பெயர் போட வேண்டியதில்லை, கட்டம் தட்டினால் போதும். எட்டுப் பேர் உள்ள டீமில் பெயரில்லாத பதிலுக்கு என்ன அர்த்தம்? வாக்கியம் எழுதும் விதத்திலேயே யார் என்று தெரிந்துவிடும். அதனால் எல்லோரும் ஐந்துக்கு நாலு போடுகிறார்கள். உண்மைப் பேச்சு வேறு எங்கேயோ வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அந்தக் குழுவில் நான் இல்லை.

சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலாகி, அதன் ஊழியர்கள் பலர் கோடீஸ்வரர்கள் ஆன செய்தி வந்ததிலிருந்து, ஒவ்வொரு சிறிய கம்பெனியிலும் பங்கு பற்றிய பேச்சு உண்டு. “அக்கா, இது எப்ப காசாகும்?” என்று பங்கு தருவதாகச் சொல்லும் கடிதத்தை நீட்டுவார்கள். பங்கை வாங்கும்போதே வரி கட்ட வேண்டும், விற்க ஆள் இருந்தால்தான் காசு என்று விளக்குவேன். அன்று எம்.டி. “நாளைக்குக் கம்பெனி வளர்ந்தா நீங்கதானே எல்லாம்” என்பார், வாய்வார்த்தையாக. இன்று அதையே பன்னிரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதியது நல்லதுதான், படித்துப் பார்க்க முடிகிறது.

சிறிய கம்பெனிக்காரன் என்றால் பெண் வீட்டார் இன்றும் இரண்டாவது முறை கம்பெனிப் பெயரைக் கேட்கிறார்கள். பீரோவில் டிகிரியைப் பூட்டுவது போய், இப்போது ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைக்கிறார்கள். அது இல்லாமல் அடுத்த இடத்தில் சரிபார்ப்பு முடியாது.

இந்த மாதம் எங்கள் டீமில் ஒரு பெண்ணுக்கு வேறொரு சிறிய கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்தது. மாதம் 60,000, கன்சல்டன்டாக. 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள், பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. “கைக்கு நிறைய வரும்னு சொல்றாங்க அக்கா. நல்ல டீம், குடும்பம் மாதிரியாம்.” நான் உட்கார வைத்து என் கதையைச் சொன்னேன். உடனே போனில் கணக்கு போட்டாள்: கடைசி அடிப்படைச் சம்பளம் 9,000, பெருக்கல் 15, பெருக்கல் 6, வகுத்தல் 26. “31,154 ரூபாய் அக்கா. 2005ல!” என் சார்பில் அவளுக்கு வந்த கோபம் எனக்கே அப்போது வரவில்லை.

பேரோலில் எடுத்தால் வருகிறேன் என்று எழுதினாள். மூன்றாம் நாள் திருத்திய கடிதம் வந்தது. அதே 60,000தான். அதற்குள்ளேயே முதலாளி பங்கு பி.எஃப். 1,800, அடிப்படைச் சம்பளம் 30,000க்கு 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, 1,443 ரூபாய். அந்த 4.81 எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். இருபத்தாறில் பதினைந்தைப் பன்னிரண்டு மாதத்தால் வகுத்தால் வரும் என்றேன். ஐந்து வருடத்துக்கு முன் கிளம்பினால் அது அவர்களிடமே தங்கிவிடும் என்பதையும் சொன்னேன்.

சட்டப்படி முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது எப்படி என் சம்பளத்துக்குள் வந்தது என்று இரண்டு வரியில் கேட்டு அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.