பிரிண்டருக்குப் பெயர் வைத்த படலம்

எங்கள் வீட்டு பிரிண்டரின் தலையில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும்: 192.168.1.20. மனைவியின் கையெழுத்து. லினக்ஸ் தெரிந்தவன் வீட்டில் இப்படியொரு சீட்டா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெயர் சொன்னால் பிரிண்டர் ஓடிவர வேண்டாமா? பரணிலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கி, டெபியன் போட்டு, பைண்ட் 9 நிறுவினேன்.

பைண்ட், 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் எழுத ஆரம்பித்த மென்பொருள்; பெயரைச் சொன்னால் இப்படிப்பட்ட எண் முகவரியைச் சொல்லும். அதற்கும் அரைப்புள்ளிக்கும் என்ன பகையோ! அமைப்புக் கோப்பில் கட்டளை முடிவில் அரைப்புள்ளி இல்லாவிட்டால் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பெயர்களை எழுதும் ஸோன் கோப்பில் அதே அரைப்புள்ளியைப் போட்டால், அந்த வரியில் அதற்குப் பின்னால் இருப்பதை சர்வர் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே மாமியார், மூத்த மருமகளிடம் ஒரு முகம், இளையவளிடம் ஒரு முகம்.

முற்றுப்புள்ளி அதைவிட மோசம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து மூன்றாம் வகுப்பில் முட்டி போட்டவன் நான். இங்கும் 'பிரிண்டர்.வீடு' என்று எழுதிக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டேன். புள்ளி இல்லையென்றால் பெயர் இன்னும் முடியவில்லை என்று அர்த்தமாம். சர்வர் தன் பங்குக்குக் குடும்பப் பெயரை ஒட்ட, அது 'பிரிண்டர்.வீடு.வீடு' ஆகிவிட்டது. சரிபார்க்கும் கட்டளையோ 'ஓகே' என்று நற்சான்றிதழே கொடுத்தது. பெயரை விசாரிக்கும் 'டிக்' கட்டளையைப் போட்டுக் கேட்டால் 'என்எக்ஸ்டொமைன்'. அதாவது, அப்படி ஓர் ஆளே கிடையாது.

புள்ளி வைத்தேன். அப்போதும் ஆள் இல்லை. 'இல்லை' என்ற பதிலையும் அந்த லேப்டாப்பின் கேஷ் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தது. எவ்வளவு நேரம்? ஸோன் கோப்பில் 3600 விநாடி என்று எழுதிய மகராசன் நானேதான்.

கேஷைத் துடைத்து, சர்வரில் உட்கார்ந்தே மறுபடி கேட்டேன். பதில் வந்தது! இனி எல்லாரும் பெயர் கேட்க வேண்டிய இடம் இதுதான் என்று ரவுட்டரில் எழுதிவிட்டுக் காபி கேட்டேன். குரல்கள்தான் வந்தன.

"என்னங்க, சீரியல் வரலை!"

"அப்பா, நெட் போச்சு!"

"நெட் இருக்கு. பேருதான் தெரியலை" என்றேன்.

"பேரு தெரியாத நெட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஃபயர்வால் செய்த வேலை. சர்வர் தன்னைத்தானே கேட்டால் பதில் சொல்லும். வெளியாள் 53ஆம் போர்ட்டைத் தட்டினால் வாசலோடு சரி. யூடிபி, டிசிபி இரண்டுக்கும் வழிவிட்டேன். அதன்பிறகு என் சர்வர் ஒவ்வொரு பெயருக்கும் தானே படியேறியது. ரூட் சர்வர் '.காம் ஆளைக் கேள்' என்றது, அவர் இன்னொருவரைக் கை காட்டினார். சாட்சாத் தாலுகா ஆபீஸ்! என்ன, இங்கே ஒரு விநாடிக்குள் காரியம் முடிந்துவிட்டது.

இப்போது பெயர் சொன்னால் பிரிண்டர் வருகிறது. சொல்லத்தான் என்னைத் தவிர ஆள் இல்லை. போன வாரம் சீட்டின் ஓரம் பிய்ந்துவிட்டது என்று, மனைவி அதன்மேல் செலோடேப் போட்டு இன்னும் அழுத்தமாக ஒட்டியிருக்கிறாள்.