பீங்கானில் ஒரு பேக்கப்

பேராசிரியர்களின் பேக்கப் பெரும்பாலும் அதே கணினியின் டி டிரைவில்தான் இருக்கும். கொஞ்சம் உஷாரானவர் பென்டிரைவில் வைப்பார். பென்டிரைவை அந்தக் கணினி மேசை டிராயரிலேயே போட்டுப் பூட்டுவார். சரி, பெரிய சர்வரை நம்பலாமா? 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்து சூப்பர் கம்ப்யூட்டரில் பேக்கப் புரோகிராமே சுமார் 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகளை அழித்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 2012 முதல் மனிதகுல ஆவணங்களைப் பீங்கான் பலகைகளில் பதித்து அடுக்கி வருகிறார்கள். பீங்கான் சுடுவது நம் விருத்தாசலத்துக்குக் கைவந்த தொழில். நெய்வேலிக் களிமண் கூப்பிடு தூரம், சூளைக்கும் செராமிக் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆய்வேடுகளை ஓடாகச் சுட்டுவிட்டால், அப்புறம் எந்த கைடும் திருத்தம் சொல்ல முடியாது.